குளிப்பாட்டுகிறீர்களா, கிருமிநாசினியில் முக்குகிறீர்களா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் நம் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இன்னொரு தீபாவளி. நோட்டு, அட்டை, லேபிள் ஒரு பக்கம் போகும். இன்னொரு பக்கம் கிருமி கொல்லும் சோப்பு, கிருமி கொல்லும் ஹேண்ட்வாஷ், குளிக்கிற தண்ணீரில் ஊற்ற ஒரு பாட்டில், தரை துடைக்க ஒரு பாட்டில், துணி அலச ஒரு பாட்டில், புத்தகப்பையில் தொங்கவிட ரப்பர் உறை போட்ட குட்டி சானிடைசர். முருங்கைக்காய்க்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிற நாம், இந்த அலமாரிப் பக்கம் மட்டும் விலை கேட்பதில்லை. "சாதா சோப்பு வேண்டாம் அண்ணாச்சி, கிருமி சாகிறது குடுங்க" என்கிறோம். அவரும் எடுத்துக் கொடுக்கிறார். எந்தக் கிருமி, எதனால் சாகிறது, செத்தால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பெற்றோர்களே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் குடியிருப்பது மடவார் வளாகத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் எவரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலும் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குத்தான் கை காட்டுவார்கள். திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலியைத் தீர்த்த சாமி, வலியில் துடித்த ஒரு பெண்ணுக்குத் தானே வந்து பிரசவம் பார்த்த சாமி என்று பெரியவர்கள் கதை சொல்லும் கோயில். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் அங்கே விளக்குப் போடுகிறோம். விளக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, டிவி விளம்பரத்தில் வெள்ளைக்கோட்டுப் போட்ட நடிகர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிறோம். பூதக்கண்ணாடியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பச்சைப் பூச்சிகள் நெளிவதாகக் காட்டுவார்களே, அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நம் பிள்ளையின் கையை நமக்கே பிடிக்காமல் போய்விட்டது.

குளியலறையில் நடப்பதைப் பாருங்கள். வாளியில் வெந்நீர் விளாவி, மூடி நிறைய மருந்தை ஊற்றுகிறோம். பழுப்பாக விழுந்தது தண்ணீரில் பட்டதும் பால்போல வெளுத்துப் பரவுகிறது. மூக்கில் ஆஸ்பத்திரி வாசனை ஏறுகிறது. "பார்த்தியா, எப்படி வேலை செய்யுது" என்று ஒரு திருப்தி. அந்த வெளுப்பில் வீரியம் எதுவும் இல்லை. மருந்தில் கலந்திருக்கும் பைன் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்து மிதப்பதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அளவு கூடக் கூட வெளுப்பும் கூடும் என்பதால், போன மாதம் ஒரு மூடி ஊற்றியவர் இந்த மாதம் இரண்டு மூடி ஊற்றுகிறார். பச்சைப்பிள்ளைத் தோல் பெரியவர் தோலைவிட மெல்லிசு. காய்ந்து, வெடித்து, முழங்கை மடிப்பில் சிவந்து நமைச்சல் எடுத்தால், அதற்கும் கிருமிதான் காரணம் என்று இன்னொரு மூடி.

இந்தப் பாட்டில்களுக்குள்ளும் சோப்புகளுக்குள்ளும் இருப்பவற்றின் பெயர்களையாவது தெரிந்துவைத்துக்கொள்வோம். ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன், க்ளோரோசைலினால், பென்சால்கோனியம் குளோரைடு. வாயில் நுழையாத பெயர்கள்தான். ஆனால் பிள்ளைக்கு யுகேஜி அட்மிஷன் வாங்க இதைவிட நுழையாத பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தவர்கள் நாம். இந்த வரிசையில் கதை அதிகம் உள்ளது ட்ரைக்ளோசான். 1960-களில் ஸ்விட்சர்லாந்தில் உருவானது. 1972 வாக்கில் அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் கை தேய்க்கும் திரவத்தில் சேர்ந்தது. அங்கே அதற்கு ஒரு வேலை இருந்தது. பிறகு ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி சோப்புக்கு வந்தது. பற்பசைக்கு, காலுறைக்கு, காய் நறுக்கும் பலகைக்கு, கடைசியில் பொம்மைக்கும் வந்தது. பிள்ளைகளைத் தொற்றிலிருந்து காக்கும் என்று சொல்லிப் பொம்மை விற்ற ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் மேல் 1997-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுத்தது. பொம்மையின் பிளாஸ்டிக்கில் கலந்திருந்தது இந்த ட்ரைக்ளோசான்தான்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதைச் சோப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று முதல் வரைவு போட்டது 1978-இல். அது கிடப்பிலேயே கிடந்தது. நம் ஊர் சாலைப் பணிகூட அதற்குள் முடிந்துவிடும். 2013 டிசம்பரில் ஒருவழியாகக் கம்பெனிகளிடம் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார்கள். தினமும், ஆயுசு முழுக்கப் பூசிக்கொண்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டுங்கள். சாதா சோப்பையும் தண்ணீரையும்விட இது நோயைக் குறைக்கிறது என்று காட்டுங்கள். கோடிக் கோடியாக விளம்பரத்துக்குக் கொட்டியவர்களால் இந்த இரண்டுக்கும் போதுமான ஆதாரம் கொடுக்க முடியவில்லை. 2016 செப்டம்பர் 2-ஆம் தேதி, ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உள்ளிட்ட 19 ரசாயனங்கள் வீட்டு உபயோகக் கைச்சோப்பிலும் குளியல் சோப்பிலும் இருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். க்ளோரோசைலினாலும் பென்சால்கோனியம் குளோரைடும் அந்த 19-இல் இல்லை. அவற்றுக்கு ஆதாரம் திரட்ட அவகாசம் கொடுத்தார்கள். அதே 2016-இல் ஐரோப்பிய ஒன்றியமும் மனித உடல் சுத்தத்துக்கான கிருமிநாசினியாக ட்ரைக்ளோசானுக்கு ஒப்புதல் தர மறுத்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற பெரிய கம்பெனிகள் தடைக்கு முன்பே இதைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டன. சோப்பு மட்டும் அதே மிடுக்கோடு, அதே "99.9 சதவீதம் கிருமி சாகும்" விளம்பரத்தோடு விற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு ரசாயனம் போனால் அதன் இடத்தில் இன்னொன்று உட்காரும். நம் பயம் கைவசம் இருக்கும்வரை அவர்களுக்கு என்ன கவலை?

"அமெரிக்கக்காரன் சுத்தமான ஊரில் இருக்கிறான், அவனுக்குச் சாதா சோப்பு போதும், நம்ம ஊர்ச் சாக்கடைக்கு வேகமான மருந்துதான் வேணும்" என்று ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். அவருக்காகவே நடந்ததுபோல் ஓர் ஆய்வு இருக்கிறது. நியூயார்க்கில் இல்லை, லண்டனில் இல்லை. பாகிஸ்தானின் கராச்சியில், நெருக்கடியான குடிசைப் பகுதிகளில். 2002 ஏப்ரலில் தொடங்கி ஓராண்டு. சாக்கடை, ஈ, தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் நமக்குத் தெரிந்த அதே கதைதான். 300 வீடுகளுக்கு ட்ரைக்ளோகார்பன் கலந்த சோப்பு. இன்னும் 300 வீடுகளுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள சாதா சோப்பு. எது எது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க, சோப்பே தராத 306 வீடுகள். களப்பணியாளர்கள் வாரா வாரம் வீடு வீடாகப் போய், எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்கு நிமோனியா என்று குறித்துக்கொண்டார்கள்.

முடிவு 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சோப்பு கிடைத்த வீடுகளில் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைவு. தோலில் வரும் சீழ்ப்புண்கூட 34 சதவீதம் குறைவு. எந்தத் தடுப்பு மருந்துக்கும் பெருமை தரக்கூடிய எண்கள். இனிதான் விஷயம்: கிருமி கொல்லும் சோப்பு கிடைத்த வீட்டுக்கும் சாதா சோப்பு கிடைத்த வீட்டுக்கும் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் இல்லை. காப்பாற்றியது கழுவியதுதான். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? சோப்பு விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள். அந்தக் கம்பெனியே காசு போட்டு நடத்திய சோதனையில் வந்த பதிலை, நாம் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறோம்.

ஏன் வித்தியாசம் இல்லை என்று கேட்டால், 2015-இல் வெளியான தென் கொரியச் சோதனை ஒன்று பதில் சொல்கிறது. 0.3 சதவீதம் ட்ரைக்ளோசான் கலந்த சோப்பையும் கலக்காத சோப்பையும் 20 வகை பாக்டீரியாக்கள் மேல் போட்டுப் பார்த்தார்கள். கை கழுவும் நேரமான 20 நொடியில் இரண்டும் ஒன்றுதான். ட்ரைக்ளோசான் சோப்பு தனித்துத் தன் வேலையைக் காட்ட 9 மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த உங்கள் பிள்ளை சாயங்காலம் கையில் நுரையோடு நின்றால், நடுராத்திரி தாண்டிக் கழுவிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நொடி நிற்பதே பெரிது. சுட்டுவிரலை நனைத்து, டவுசரில் துடைத்து, "கழுவிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறக்கிற சாதி அவர்கள். அந்த இரண்டு நொடியை இருபதாக்க நாம் செய்ய வேண்டியது, குழாயடியில் கூட நிற்பது. அதற்குச் சோம்பிக்கொண்டுதான் பாட்டிலுக்குக் காசு கொடுக்கிறோம்.

"99.9 சதவீதம்" என்ற எண்ணையும் ஒரு தரம் விரல்விட்டுப் பார்த்துவிடுங்கள். 10 லட்சம் பாக்டீரியாவில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் 1,000. வசதியான இடம் கிடைத்தால் ஈ.கோலை போன்றவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து முறை இரட்டித்தால், அதாவது 3 மணி 20 நிமிடத்தில், அந்த ஆயிரம் மறுபடியும் 10 லட்சம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கணக்கு பழைய இடத்துக்கு வந்து நிற்கும். போதாததற்கு, நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற சளி, இருமல், வயிற்றுப்போக்கில் ஒரு பெரும் பங்கு எல்லாம் வைரஸால் வருபவை. பாக்டீரியாவைக் கொல்ல வந்த ட்ரைக்ளோசானுக்கு வைரஸைப் பற்றிக் கவலை இல்லை. சோப்பு நுரையும் ஓடுகிற தண்ணீரும் பாக்டீரியா, வைரஸ், மண், எண்ணெய்ப்பிசுக்கு என்று பாகுபாடு பார்க்காமல் தோலிலிருந்து பெயர்த்து அடித்துக்கொண்டு போகும். கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, கையை விட்டுப் போனால் போதும்.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்பீர்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ட்ரைக்ளோசான் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. அமெரிக்காவில் 2003-04-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, நால்வரில் மூவருக்கு அது இருந்தது. ஸ்வீடனில் தாய்ப்பாலிலும் கண்டார்கள். எலிகளில் தைராய்டு ஹார்மோனைக் குறைக்கிறது. தவளைக்குஞ்சுகள் வால் உதிர்த்துத் தவளையாகும் பருவத்தையும் குழப்புகிறது. அதுவும் தைராய்டு நடத்துகிற வேலைதான். மனிதருக்கு இதே அளவில் இதே கெடுதல் வரும் என்று நிரூபணம் ஆகவில்லை. அப்படி நான் சொன்னால் அது பொய். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ட்ரைக்ளோசான் கூடுதலாக உள்ள பிள்ளைகளிடம் ஒவ்வாமையும் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. அதுவும் சேர்ந்து காணப்படுகிறது என்பதுதான், இதனால் அது என்று முடிவுகட்டவில்லை. ஆனால் பலன் பூஜ்யம் என்று தெரிந்த ஒரு பொருளுக்காக இந்தச் சந்தேகத்தில் பாதியைக்கூடப் பிள்ளை உடம்பில் ஏற்ற எதற்குத் துணிய வேண்டும்?

மருந்துக்கு அடங்காத கிருமி என்கிற பேச்சு வேறு இருக்கிறது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் லெவி குழுவினர் 1998-இல், ட்ரைக்ளோசான் எல்லாவற்றையும் குருட்டுத்தனமாக அடித்துக் கொல்வதில்லை, பாக்டீரியா தன் கொழுப்பைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியைக் குறிவைக்கிறது என்று காட்டினார்கள். ஒற்றைக் குறி என்றால் கிருமி அந்த ஓர் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிவிடலாம். காசநோய்க்கு நம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை தாக்குவதும் அதே குடும்பத்து நொதியைத்தான். ஆய்வகத்தில் இந்தக் குறுக்குவழி நடக்கிறது. வீடுகளில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில், குளியல் வாளியில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டுமா?

பழைய கதை ஒன்றும் சொல்லியாக வேண்டும். ட்ரைக்ளோசானுக்கு முன்னால் இந்தச் சிம்மாசனத்தில் இருந்தது ஹெக்ஸாக்ளோரோஃபீன். குழந்தை சோப்பு, பவுடர் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அமோகமாக ஓடியது. 1972-இல் பிரான்ஸில் ஒரு குழந்தைப் பவுடரில் தவறுதலாக அது 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. தோல் வழியே மூளை நரம்பைத் தாக்கி 36 குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டு அமெரிக்காவும் மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. அந்தத் தாய்மார்களும் பிள்ளையின் தோலில் கிருமி அண்டக் கூடாது என்றுதான் பூசினார்கள். பாசத்தில் குறை இல்லை.

நம் வீட்டுக் குளியலறையோடு இது நிற்கிறதா? வாளித் தண்ணீர் வாசல் ஓடைக்கு, ஓடை பெரிய வாய்க்காலுக்கு, வாய்க்கால் கண்மாய்க்கு. எல்லாரும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பக்கத்துத் தாமிரபரணியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளிலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் தண்ணீர் எடுத்து, சுவீடன் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். காவிரியையும் வெள்ளாற்றையும்விடத் தாமிரபரணியில்தான் ட்ரைக்ளோசான் அதிகம், ஏறக்குறையப் பத்து மடங்கு. சராசரி ஒரு லிட்டருக்கு 944 நானோகிராம், அதிகபட்சம் 5,160. உலகத்தில் ஆற்றுத் தண்ணீரில் அதுவரை அளந்ததில் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் அருவியாக விழுந்து, நெல் வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் பாய்ந்து போகிற ஆறு அது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. குடித்தவுடன் நமக்கு ஒன்றும் ஆகிவிடாது, பீதி வேண்டாம். ஆனால் ஆற்றில் பாசி இருக்கிறது, பாசியைத் தின்னும் புழுவும் மீனும் இருக்கின்றன. பாசிக்கு இந்த அளவே அதிகம். அந்த ஆய்வு பார்த்த பொருள்களில், நீர்வாழ் உயிருக்கு ஆபத்து கூடுதலாக இருப்பது ட்ரைக்ளோசானால்தான் என்று எழுதியிருந்தார்கள். வெயில் பட்டால் ட்ரைக்ளோசானில் ஒரு பகுதி டையாக்சின் வகைப் பொருளாக மாறுகிறது. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூருக்குக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். ராஜபாளையத்துக்கும் வந்துவிட்டது. நெல்லைக்காரர் குளித்த தண்ணீர்க் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் பெரியகுளம் கண்மாயில் யாராவது இப்படி அளந்து பார்த்தால் என்ன எண் வரும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கிருமிநாசினியே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் புண் கட்டுகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கே விசைத்தறிகளில் ஓடுகின்றன. பஞ்சு நூலை நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டி அனுப்புகிறார்கள். அறுத்த வயிற்றுக்குள் வைக்கிற துணியையே உயர் அழுத்த நீராவியில் போட்டுக் கிருமி நீக்கி, உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்துகிறார்கள். அறுவை சிகிச்சையில் தையல் போடும் நூலில் ட்ரைக்ளோசான் பூசியிருந்தால் தையல் சீழ் பிடிப்பது குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அந்த ரசாயனத்துக்கு அதுதான் இடம். வீட்டில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கும் தாத்தாவுக்கோ, கீமோதெரபி எடுக்கும் அத்தைக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சுப் பேசாமல் வாங்குங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்து விளையாடுகிற தரையை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கத் தேவையில்லை.

தயிர் உறை ஊற்றுகிற நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. பாலில் நல்ல பாக்டீரியா பெருகினால் தயிர், கண்டது புகுந்தால் பால் கெட்டுப்போகும். பிள்ளைத் தோலிலும் குடலிலும் அப்படித்தான் ஒரு குடித்தனம் நடக்கிறது. மொத்தமாக மருந்தடித்தால், முதலில் காலியாவது பழைய நல்ல குடித்தனக்காரர்கள்.

கொரோனாவைக் காட்டி என்னை மடக்குவீர்கள் என்று தெரியும். கொரோனாக் காலத்தில் சொன்னதும் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள் என்பதுதான். கிருமி கொல்லும் சோப்பு என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்துக்கு 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர். பஸ்ஸில் போகும்போது சரி. மண்ணும் எண்ணெயும் அப்பிய கையில் அது பிசுபிசுப்பைத் தவிர வேறொன்றும் செய்யாது. பழவாசனை போட்ட அந்தக் குட்டி பாட்டிலை எல்கேஜி பிள்ளை நக்கிப் பார்க்காது என்று எந்த நம்பிக்கையில் பையில் தொங்கவிடுகிறீர்கள்? உள்ளே இருப்பது சாராயத்தைவிடக் காட்டம்.

"நான் வேப்பிலை சோப்புதான் வாங்குகிறேன், எனக்கு இது பொருந்தாது" என்று ஒரு கூட்டம் நழுவப் பார்க்கும். அட்டையின் முன்பக்கம் வேப்பிலைப் படம் இருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்படி அட்டை அடிக்கிற அச்சகங்கள் எத்தனையோ பக்கத்துச் சிவகாசியில் ஓடுகின்றன; அங்கே வேலை செய்கிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. அட்டை அடிக்கத் தெரிந்த ஊருக்கு அட்டை படிக்கத் தெரியாதா? ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் என்றிருந்தால் அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள். கூடவே டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பது. 76-க்கு மேல் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். குளியல் கட்டி என்று போட்டிருந்தால் அது சோப்பின் தரத்துக்கே எட்டாதது. பிள்ளைத் தோலுக்கு இந்த எண்தான் முக்கியம். விளம்பரத்தில் இதை யாரும் பாடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர்ப் பிரச்சினை. கக்கூஸ் கழுவும்போது, ஒன்று போதாதென்று ஆசிட் க்ளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிக்கொண்டு கழுவுகிறவர் மயங்கி விழுந்தால் ஆள் தெரியாது. குளிர்பான பாட்டிலில் பினாயில் ஊற்றி வைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

இவ்வளவு ரசாயனத்துக்குச் செலவழிக்கிற நாம், பிள்ளை பகல் முழுக்க இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தோமா? 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு, அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலையில் உப்புமா, மத்தியானம் சத்துணவு என்று இரண்டு வேளை பள்ளியில் சாப்பிடுகிறார்கள். இரண்டு வேளையும் கை கழுவ வேண்டும். கழிப்பறை போய்வந்தால் கழுவ வேண்டும். பல பள்ளிகளில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சோப்பு இல்லை. அக்டோபர் 15, உலகக் கைகழுவும் தினத்தன்று ஒரு சோப்புக்கட்டி வரும்; பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று தேய்க்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். மறுநாள் குழாயடியில் பச்சைத் தண்ணீர்தான். கட்டணம் கட்டும் தனியார் பள்ளியில் நிலைமை வேறு என்று நினைக்காதீர்கள். கட்டணத்தை ஏற்றும்போது சண்டைக்குப் போன நம்மில் எத்தனை பேர் கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தோம்?

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படியே இருக்கிறது. அதில் பெரும்பாலோர் பெற்றோர்தான். கூட்டத்துக்கு வாருங்கள் என்று தலைமையாசிரியர் தகவல் அனுப்பினால், "வேலை இருக்கு டீச்சர், கையெழுத்து வேணும்னா வீட்டுக்கு அனுப்பி விடுங்க" என்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு நேரில் போங்கள். ஒரே ஒரு தீர்மானம் போதும்: ஒவ்வொரு குழாயிலும் சோப்பு. கட்டி சோப்பு காணாமல் போகிறது என்றால் பழைய நைலான் காலுறைக்குள் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிடுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஊற்றி வையுங்கள். மாதத்துக்கு ஒரு வீடு பொறுப்பேற்றால் ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுக்கக் கணக்கு முடிந்துவிடும். நம் வீட்டுக் குளியலறை அலமாரியில் வரிசைகட்டி நிற்கும் பாட்டில்களுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

வைத்திருக்கும் பாட்டில்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரேயடியாக ஓடையில் கவிழ்க்காதீர்கள். அது நேராகக் கண்மாய்க்குத்தான் போகும். யாராவது நோயாளி கக்கிய தரையைத் துடைக்க, அட்டையில் போட்ட அளவுக்குத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீருங்கள். தீர்ந்த பிறகு அண்ணாச்சி, "எப்பவும் வாங்குறது தரட்டுமா" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால், கராச்சிக் கதையை அவருக்கும் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு.